வலது பக்கத்து ஸ்பீக்கர்

வீரபத்திரன் அண்ணன் மூன்றாவது தடவையாக வேனைக் கொண்டுவந்து கடைக்கு முன்னால் நிறுத்தியபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. அவர் இறங்கி வந்து வாயைத் திறப்பதற்கு முன்பே என்ன சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரியும். வலது பக்கத்துக் கதவில் பூட்டிய ஸ்பீக்கர் வேலை செய்யவில்லை. முதல் தடவை வந்தபோது வயரை மாற்றினேன். இரண்டாவது தடவை ஸ்பீக்கரையே கழற்றிவிட்டுப் புதிதாக ஒன்றைப் பூட்டினேன். இரண்டு தடவையும் வேனுக்கு வெளியே நின்று கேட்டுவிட்டு, இப்போது சரி தம்பி என்று முகமெல்லாம் சிரிப்பாகப் போனவர், ஏழு நாள்கூட ஆகாமல், ஒரு கிழமைக்குள் திரும்பி வந்துவிட்டார். கடையில் நிற்கும்போது நன்றாகத்தான் கேட்கிறதாம். அவர் ஏறி உட்கார்ந்து ஓட்டத் தொடங்கினால் பாட்டு முழுவதும் இடது பக்கத்துக்கு ஓடிப்போய்விடுகிறதாம்.

என் வேலையில் பிழை என்று யாராவது சொன்னால் எனக்குத் தாங்காது. ஹட்டனில் வாகனத்துக்குப் பாட்டுச் செட் பூட்டுகிறவர்கள் நாலைந்து பேர் இருக்கிறோம். அதில் பாதிப் பேர் சத்தத்தைக் கூட்டுகிற ஆம்பைப் பெரிதாகப் பார்த்துப் பூட்டினால் பெரிய சத்தம் வரும் என்று நம்புகிறவர்கள். ஆம்புக்கும் ஸ்பீக்கருக்கும் பொருத்தம் பார்க்க வேண்டும், கலியாணத்துக்குப் பார்ப்பதை விடக் கவனமாகப் பார்க்க வேண்டும். வீரபத்திரன் அண்ணன் முதலில் கொண்டுவந்த செட்டில் அடிச்சத்தம் கொடுக்கிற இரண்டு சப் ஸ்பீக்கர்களை ஒரே பெட்டியில் போட்டு, இரண்டின் வயரையும் ஒன்றாக முறுக்கி ஒரு சின்ன ஆம்பில் மாட்டியிருந்தார்கள். நாலு ஓம் சப் இரண்டை அப்படிச் சேர்த்தால் இரண்டு ஓம் ஆகிவிடும், ஆம்பின் மேல் சுமை இரட்டிக்கும். அந்த ஆம்ப் அதைத் தாங்காது. கொஞ்ச நேரம் உறுமிவிட்டுக் கொதித்து, தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். விட்டால் புகைந்துவிடும். நான் ஒரு சப்பை எடுத்துவிட்டு மற்றதை மட்டும் வைத்து, அதற்கென்று தனி ஆம்ப் கொடுத்து, கதவுகளில் இருந்த நாலு ஸ்பீக்கர்களுக்கும் அவற்றுக்கு ஏற்ற வேறொரு ஆம்ப் பார்த்து, பெட்டரியிலிருந்து தடித்த வயர் இழுத்து, பியூஸ் போட்டு, சத்தம் கிழியாத இடத்தில் திருகியை நிறுத்திக் கொடுத்தேன். ஒரு பொல்லாப்பும் இல்லாத வேலை. அதில்தான் மனிதன் மூன்றாவது தடவையாகக் குறை சொல்லிக்கொண்டு நிற்கிறார்.

வேறு ஆளாக இருந்தால் இரண்டு வார்த்தை கேட்டிருப்பேன். இவரிடம் முடியாது. தினமும் காலையில் ஹட்டனிலிருந்து ஏழு டீச்சர்மாரை ஏற்றிக்கொண்டு பொகவந்தலாவைக்கு மேலே இருக்கிற தோட்டப் பள்ளிக்கூடத்துக்குப் போய், பிற்பகல் திரும்பக் கொண்டுவந்து விடுகிறவர் இவர்தான். அந்த ஏழு பேரில் ஒருத்தி என் மனைவி நிலக்ஷி. இத்தனை வருஷமாகப் பாட்டே இல்லாமல் ஓடிய வேனுக்கு இப்போது செட் எதற்கு என்று முதல் நாளே கேட்டேன். துஷாந்த் என்ற பையன் புதிதாக வேன் வாங்கியிருக்கிறானாம். திரைச்சீலை, சாய்கிற சீட், காது கிழிகிற சப் எல்லாம் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் டீச்சர்மாரிடம் பேச்சுக் கொடுக்கிறானாம். "டீச்சர்மாரும் மனுசங்கதானே தம்பி. அவ்வளவு தூரம் சும்மா ஒக்காந்து வாறதுக்கு ஒரு பாட்டு வேணும்ல" என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த பயத்தைப் பார்த்துத்தான் நான் அந்த வேலையை அவ்வளவு கவனமாகச் செய்தேன்.

பிழை எங்கே என்று பிடிக்க எங்களிடம் ஒரு பழைய முறை உண்டு. எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஒன்றை மட்டும் ஓட விடுவது. அவரை டிரைவர் சீட்டில் உட்காரச் சொன்னேன். பாதையில் போகும்போது எப்படி இருக்குமோ அப்படி இருக்கட்டும் என்று எஞ்சினை ஓட விடச் சொன்னேன். பிறகு பின்னால் போய், அவருக்குச் சொல்லாமலேயே, முன் வலது கதவைத் தவிர மற்ற ஸ்பீக்கர் வயர்களையும் சப்பையும் கழற்றிவிட்டேன். இப்போது அந்த வேனில் பாடிக்கொண்டிருந்தது வலது கதவு ஸ்பீக்கர் ஒன்றுதான். அவருடைய முழங்காலுக்குப் பக்கத்தில், கையை வைத்தால் கதவு அதிர்வது தெரிகிற அளவுக்குப் பாடிக்கொண்டிருந்தது. எப்படி இருக்கிறது அண்ணே என்று முன்னால் வந்து கேட்டேன்.

"இப்ப சுத்தமா போயிருச்சு தம்பி" என்றார். "எங்கயோ தூரத்துல, மேல் லயத்து வீட்டுல யாரோ ரேடியோ போட்ட மாதிரி கேக்குது."

நான் கதவைப் பார்த்தேன். அவரைப் பார்த்தேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பேசுகிறவர் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்பது அவருடைய வழக்கம், அதை மரியாதை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் முன்பக்கம் திரும்பி ஸ்டியரிங்கைத் துடைக்கத் தொடங்கியதும், வலது ஜன்னலுக்கு வெளியே போய் நின்று, சாதாரணமாகப் பேசுகிற குரலில், "அண்ணே, பின் டயர்ல காத்து இல்ல" என்றேன். எந்த டிரைவரும் அதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்கமாட்டான். அவர் துணியை மடித்து, ஸ்டியரிங்கின் நடுவில் ஒட்டியிருந்த பிள்ளையாரைத் துடைத்தார். மறுபடியும் சொன்னேன். திரும்பவில்லை. பிழை ஸ்பீக்கரில் இல்லை, அவருடைய வலது காதில்.

கழற்றியதை எல்லாம் மாட்டிவிட்டு, ஒரு கனெக்‌ஷன் தளர்ந்திருந்தது, சரி பண்ணிவிட்டேன் என்று பொய் சொன்னேன். ஓடும்போது கேட்டுப் பார்த்தால்தான் நிச்சயமாகத் தெரியும், நாளைக் காலையில் டீச்சர்மாரோடு நானும் ஒரு நடை வருகிறேன் என்றேன். அவருக்கு ஒரே சந்தோஷம். பூட்டின ஆளே வந்து பக்கத்தில் உட்கார்ந்தால் டீச்சர்மாருக்கும் ஒரு நம்பிக்கை வரும் என்று சொல்லிவிட்டு, ஹோர்னை ஒரு தடவை அடித்துவிட்டுப் போனார்.

பொகவந்தலாவைப் பாதையில் போகாதவர்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று புரியாது. நோர்வூட்டைத் தாண்டினால் பல இடங்களில் ஒரு பஸ்ஸும் ஒரு சைக்கிளும்தான் ஒன்றாகப் போகலாம். ஒரு பக்கம் மண்மேடு, மற்றப் பக்கம் தேயிலை, அதுவும் எட்டிப் பார்த்தால் தலை சுற்றுகிற ஆழத்தில். பாதை மடங்கித் திரும்புகிற ஒவ்வொரு முடக்கிலும் எதிரே வருவது தெரியாது. மழை நாளிலும் பனிமூட்டத்திலும் லைட்டும் பிரயோசனம் இல்லை. அதனால் அந்தப் பாதையில் ஓட்டுகிற எல்லோருக்கும் ஒரு பழக்கம். முடக்குக்கு முன்னால் ஹோர்ன் அடித்துவிட்டு, காலை பிரேக்கில் வைத்து ஒரு மூச்சு நேரம் காத்திருப்பார்கள். எதிர்ப்பக்கத்திலிருந்து பதில் ஹோர்ன் வந்தால் ஓரம் கட்டுவார்கள், வராவிட்டால் எடுப்பார்கள். சட்டப் புத்தகத்தில் இருக்கிறதோ இல்லையோ, இவ்வளவு காலம் அந்தப் பாதையில் மனிதர்கள் உயிரோடு போய் வருவது அதனால்தான். அந்தப் பதிலைக் கேட்கத்தான் காது வேண்டும்.

வீட்டுக்குப் போனபோது நிலக்ஷி ரொட்டிக்கு மா பிசைந்துகொண்டிருந்தாள். கடையில் நடந்ததைச் சொன்னேன். அவள் அதிர்ந்துபோவாள், பாத்திரத்தைத் தள்ளிவிட்டு எழுந்து வருவாள் என்று எதிர்பார்த்தேன். அவளுடைய கை நிற்கவேயில்லை.

"தெரியும்" என்றாள்.

எனக்குச் சரியாகக் கேட்கவில்லையோ என்று நினைத்தேன். அவளுக்கு மட்டுமல்ல, ஏழு பேருக்கும் தெரியுமாம். இரண்டு பள்ளித் தவணையாக, அரை வருஷத்துக்கு மேலாகத் தெரியுமாம். முதலில் கண்டுபிடித்தது மூத்தவரான சிவகாமசுந்தரி டீச்சர். அவர் ஒரு நாள் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தபோது எதிரே வந்த லொறியின் ஹோர்ன் அவருக்குக் கேட்டது, வீரபத்திரன் அண்ணனுக்குக் கேட்கவில்லை. அன்று சும்மா பேச்சுப்போல, "அண்ணே, ஒன்னு வருது போல" என்று சொல்லியிருக்கிறார். அதிலிருந்து அதுவே முறையாகிவிட்டது. கிழமைக்கு ஒருத்தர் முன் சீட்டு. கேட்டதும் சொல்வது அவருடைய வேலை. சொல்வதும் அண்ணனுக்குச் சந்தேகம் வராதபடி, பயந்த பெண்கள் தொணதொணப்பதைப்போலச் சொல்ல வேண்டும். இந்தக் கிழமை மார்கிரட் டீச்சரின் முறை. அடுத்த கிழமை நிலக்ஷியின் முறை. செட் பூட்டிய பிறகுதான் சங்கடம் தொடங்கியிருக்கிறது. சப் அடிக்கத் தொடங்கினால் முன் சீட்டில் இருக்கிறவருக்கும் ஒன்றும் கேட்பதில்லை. அதனால் நோர்வூட் வந்ததும் யாராவது ஒருத்தர் தலைவலி என்பார், பாட்டை நிறுத்தச் சொல்வார். தினமும் ஒருத்தருக்குத் தலைவலி வந்ததும் அண்ணன், செட்டில்தான் ஏதோ குறை, அதுதான் டீச்சர்மாருக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்து என்னிடம் ஓடிவந்திருக்கிறார்.

ஏழு பேர், எல்லோரும் படித்தவர்கள், பிள்ளைகளுக்குப் புத்தி சொல்கிறவர்கள், பள்ளத்துக்கு மேலே கண்ணாமூச்சி ஆடிக்கொண்டிருக்கிறீர்களா என்று கத்திவிட்டேன். பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். நிலக்ஷி மாவை உருண்டை பிடித்து வரிசையாக வைத்தாள். நாட்டிலேயே டீசல் இல்லாத அந்தக் காலத்தில் இரவு பகலாகக் கியூவில் நின்று அவர் தங்களைக் கொண்டுபோனதையும், சிவகாமசுந்தரி டீச்சர் வழியில் மயங்கி விழுந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் டீச்சரின் மகன் வரும்வரை உட்கார்ந்திருந்ததையும் சொன்னாள். எனக்கும் அதெல்லாம் தெரியும். தெரியாமல் இல்லை. நாளைக்கே வேறு வேன் பார், இல்லாவிட்டால் பஸ்ஸில் போ என்றேன்.

"நாங்க எறங்கிட்டா அவரு வேன ஓட்டாம இருப்பாரா?" என்று கேட்டாள். "வேற யாரையாச்சும் ஏத்துவாரு. அவங்களுக்கு இது தெரியாது. எங்களுக்காச்சும் தெரியும்."

"அப்ப அவர்கிட்டயே சொல்லு."

"நீங்க சொல்லுவீங்களா? அம்பத்தஞ்சு வயசு மனுசன்கிட்ட, நாளையிலருந்து நீ வேன தொடாதன்னு?"

என்னால் அவளை இழக்க முடியாது, அவ்வளவுதான். அதைச் சொல்லத் தெரியாமல் ரொட்டி சுடுகிற அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, காலையில் வேனில் ஏதும் பேசிவிட வேண்டாம், டீச்சர்மார் எல்லோரும் கூடிப் பேசி லீவுக்குள் ஒரு முடிவு எடுப்பார்கள் என்றாள். லீவுக்கு இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் கிடந்தது.

காலையில் நல்ல பனி. வேன் வந்து நின்றதும் வீரபத்திரன் அண்ணன் மார்கிரட் டீச்சரைப் பின்னால் போகச் சொல்லிவிட்டு எனக்கு முன் சீட்டைக் காட்டினார். மார்கிரட் டீச்சர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். தன்னுடைய வேலையைச் சரியாகச் செய்வேனா என்கிற பார்வை. நிலக்ஷி எனக்கு நேர் பின்னால் உட்கார்ந்தாள். எல்லோரும் சேலைத் தலைப்பையும் ஸ்வெட்டரையும் இழுத்துப் போர்த்திக்கொண்டார்கள். குளிருக்கு ஜன்னல்களை மூடியாயிற்று. டிக்கோயா வரைக்கும் பாட்டு மெதுவாகத்தான் ஓடியது. என் காதை நம்பி எட்டு உயிர் என்று நான் நினைக்காமல் இருக்கப் பார்த்தேன், முடியவில்லை. மழை கழுவிய பாதை, காலைப் பெரட்டில் பேர் கொடுக்கப் போகிற ஆட்கள், கொழுந்துக் கூடைகள், காசல்ரீ நீர்த்தேக்கத்துத் தண்ணீருக்கு மேலே படுத்துக் கிடக்கிற பனி, எல்லாம் வழக்கம்போல இருந்தது. ஒவ்வொரு முடக்கிலும் அவர் ஹோர்ன் அடித்தார், பிரேக்கில் காலை வைத்தார், தலையைக் கொஞ்சம் சாய்த்துக் காத்திருந்தார். பார்க்கிறவர்கள் அவர் கேட்கிறார் என்றுதான் நினைப்பார்கள். இரண்டு இடத்தில் எதிரே ஹோர்ன் கேட்டது. "வருது அண்ணே" என்றேன். "ஆமா ஆமா" என்று ஓரம் கட்டினார்.

நோர்வூட் தாண்டியது. தலைவலி சொல்ல வேண்டிய இடம். பின்னால் யாரும் வாயைத் திறக்கவில்லை. செட் பூட்டிய ஆள் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது எப்படிச் சொல்வது என்று தயங்கியிருக்கலாம். வீரபத்திரன் அண்ணன் அந்த அமைதியைத் தப்பாக எடுத்துக்கொண்டார். இன்றைக்கு யாருக்கும் தலை வலிக்கவில்லை, செட் சரியாகிவிட்டது என்று அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. கையை நீட்டிச் சத்தத்தைக் கூட்டினார். "கேளுங்க டீச்சர், தம்பி செஞ்ச வேல" என்றார். நான் பூட்டிய சப் சீட்டுக்குக் கீழே இருந்து கிளம்பி முதுகுத் தண்டில் ஏறியது. கிழியவில்லை, இரையவில்லை, ஒரு துளி பிசிறு இல்லை. நான் கைவைத்துக் குறைத்தேன். அவர் சிரித்துக்கொண்டே என் கையை விலக்கிவிட்டு மறுபடியும் கூட்டினார். நான் திரும்பி நிலக்ஷியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஜன்னல் கண்ணாடியில் காதை ஒட்டி வைத்திருந்தாள்.

அடுத்த முடக்கு வந்தது. இடது பக்கம் பள்ளம். ஹோர்ன் அடித்தார். நின்றார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். சப்தான் கேட்டது. வேறு எதுவும் இல்லை என்று நினைத்தேன், உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன். அவர் என் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு வேனை எடுத்தார். பாதி முடக்கில் பனிக்குள்ளிருந்து ஒரு லொறியின் முகம் வந்தது. தேயிலைத் தூள் மூட்டைகள் ஏற்றிய தோட்டத்து லொறி. அதன் டிரைவர் ஹோர்னில் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டே வருவது எனக்குத் தெரிந்தது. கை தெரிந்தது, சத்தம் கேட்கவில்லை. பின்னாலிருந்து நிலக்ஷி "அண்ணே" என்று கத்தியதும் வீரபத்திரன் அண்ணன் பிரேக்கில் ஏறி நின்றதும் ஒன்றாக நடந்தது. வேன் வழுக்கி இடது பக்கம் போய், சக்கரத்துக்குக் கீழே கற்கள் கரகரவென்று உருள, நின்றது. லொறி எங்கள் வலது பக்கத்தை உரசிக்கொண்டு போய் நின்றது. வலது கதவின் பக்கக் கண்ணாடி ஒடிந்து வயரில் தொங்கியது. என் ஜன்னலுக்குக் கீழே பாதை இல்லை. தேயிலைச் செடிகளின் தலைகள்தான் தெரிந்தன, அதற்கும் கீழே பனி.

பாட்டு ஓடிக்கொண்டேயிருந்தது. நான் அதை நிறுத்தினேன். அதன் பிறகுதான் லொறி டிரைவர் கத்துவது கேட்டது. அந்தப் பாதையில் யாரும் யாரையும் பார்த்துக் கேட்கிற கேள்வியைத்தான் சிங்களத்தில் கேட்டார், உனக்கு என்ன காது கேட்காதா என்று. வீரபத்திரன் அண்ணன் ஜன்னலை இறக்கி, பாட்டுச் சத்தத்தில் கேட்கவில்லை மாத்தயா, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சிங்களத்திலேயே சொன்னார். அந்த மனிதன் இன்னும் ஏதோ திட்டிவிட்டு லொறியை எடுத்துக்கொண்டு போனார். அண்ணன் எங்கள் பக்கம் திரும்பினார். முகம் வெளிறியிருந்தது, ஆனால் சிரிக்கப் பார்த்தார். பாட்டுத்தான் டீச்சர், இனிமேல் இந்தப் பக்கம் பாட்டுப் போடமாட்டேன் என்றார். ஆமாம் அண்ணே, பாட்டுத்தான் என்று மார்கிரட் டீச்சர் உடனே சொன்னார். இன்னும் இரண்டு பேரும் அதையே சொன்னார்கள். எல்லோருக்கும் ஏதோ ஒரு நிம்மதி வந்துவிட்டது. என்னுடைய செட்டின் மேலே எல்லாப் பழியையும் போட்டுவிடலாம். அதைக் கழற்றிவிட்டால் மறுபடியும் கிழமைக்கு ஒருத்தர் முன் சீட்டில் உட்காரலாம். அடுத்த கிழமை நிலக்ஷி.

"பாட்டு இல்லாட்டியும் ஒங்களுக்குக் கேட்டிருக்காது அண்ணே" என்றேன்.

நான் அவருடைய இடது பக்கம் இருந்தேன். அவருக்கு நன்றாகக் கேட்டது. அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார், உதடுகளை. நேற்றுக் கடையில் செய்ததைச் சொன்னேன். எந்த ஸ்பீக்கர் பாடியது, எதைக் கழற்றியிருந்தேன் என்பதைச் சொன்னேன். அவர் வலது காதைத் தொட்டுப் பார்த்தார். சளி அடைத்திருக்கிறது என்றுதான் நினைத்தேன், மழை நின்றால் திறந்துவிடும் என்றுதான் இருந்தேன் என்று மெதுவாகச் சொன்னார். பிறகு உள்ளே இருந்த கண்ணாடியில் பின்னால் இருந்தவர்களைப் பார்த்தார். ஒருத்தரும் ஆச்சரியப்படவில்லை. அதுதான் அவரைக் கொன்றது என்று நினைக்கிறேன். ஆச்சரியப்பட்ட ஒரு முகமாவது இருந்திருந்தால் தாங்கியிருப்பார்.

"டீச்சர்மாருக்கு முன்னமே தெரியுமா?" என்று கேட்டார்.

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் சிவகாமசுந்தரி டீச்சர், பெரிய வகுப்பில் பிள்ளைகளை அடக்குகிற அந்தக் குரல் இல்லாமல், "பள்ளிக்கூடத்துக்கு நேரமாகுது அண்ணே" என்றார்.

வீரபத்திரன் அண்ணன் தலையை ஆட்டினார். வருது அண்ணே, ஒன்னு வருது போல அண்ணே என்று இத்தனை நாள் கேட்டதெல்லாம் அவருக்குள் ஒவ்வொன்றாக வேறு அர்த்தத்தில் திரும்பி வருவதை நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. நிலக்ஷியின் மூச்சு என் கழுத்துக்குப் பின்னால் பட்டது. அவள் என் மேல் கோபமாக இருக்கிறாள் என்பது திரும்பாமலேயே தெரிந்தது. ஆனால் அவள் உயிரோடு இருந்தாள், எனக்கு அது போதும் என்று அப்போது நினைத்தேன்.

அவர் வேனைக் கொஞ்சம் பின்னால் எடுத்து, இடது சக்கரங்களைப் பாதைக்குள் கொண்டுவந்தார். அவ்வளவு பக்குவமாக, ஒரு கல்லும் அசையாமல். பிறகு கைபிரேக்கை இழுத்துவிட்டு இறங்கினார். ஒடிந்த கண்ணாடியை வயரோடு பிடுங்கி டேஷ்போர்டில் வைத்தார். முன்பக்கமாகப் பனிக்குள் சுற்றி வந்து என் பக்கத்துக் கதவைத் திறந்தார். அடிக்க வருகிறாரோ என்றுகூட ஒரு கணம் நினைத்தேன்.

"தள்ளுங்க தம்பி" என்றார். "ஓட்டுவீங்கதானே."

கடை வாகனங்களை ஓட்டியிருக்கிறேன், லைசன்ஸ் இருக்கிறது, இந்தப் பாதையில் ஆட்களை ஏற்றி ஓட்டியதில்லை. அதை ஒன்றும் சொல்லாமல் எஞ்சின் மேட்டுக்கு மேலே தாண்டி அவருடைய சீட்டுக்குப் போனேன். சீட் இன்னும் சூடாக இருந்தது. அவர் ஏறி, நான் இருந்த இடத்தில் உட்கார்ந்தார். அந்த வேனை வாங்கிய நாளிலிருந்து அந்தப் பக்கத்தில் அவர் உட்கார்ந்திருக்கமாட்டார் என்று நினைக்கிறேன். கால்களை எங்கே வைப்பது என்று தெரியாமல், இல்லாத பிரேக்கை வலது கால் தேடியது. பின்னால் சிவகாமசுந்தரி டீச்சர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிற்பகல் யார் திரும்பக் கொண்டுவருவார்கள், நாளைக்கு யார், அடுத்த கிழமை என்ன, ஒருத்தரும் கேட்கவில்லை. நான் முதல் கியரைத் தேடிப் போட்டேன்.

நூறு அடிகூட இருக்காது, அடுத்த முடக்கு. முந்தையதைவிடக் குறுகலானது. பனி கண்ணாடிக்கு முன்னால் வந்து நின்றது. ஹோர்ன் அடித்தேன். காலை பிரேக்கில் வைத்தேன். என் காதுக்குள் இரத்தம் ஓடுகிற சத்தம்தான் பெரிதாகக் கேட்டது. வீரபத்திரன் அண்ணன் தன் பக்கத்து ஜன்னலை முழுவதும் இறக்கினார், குளிர் உள்ளே வந்தது. தலையை வெளியே நீட்டி, இடது காதைப் பாதைக்குக் கொடுத்தார். உள்ளங்கையை என் பக்கம் உயர்த்திக் காட்டினார், இருங்கள் என்று. பின்னால் வளையல் சத்தம்கூட இல்லை. நான் பாதையைப் பார்க்கவில்லை, அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது இறங்கவில்லை.